பல்லில் வைத்த சிமெண்டும் கேப்பும் எத்தனை வருஷம் வரும்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பல் கிளினிக் வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏற்காட்டுக்குப் போய் எஸ்டேட் ஆட்களையும் பார்க்கிறேன். ஊசி போட்டு, மரத்துப் போவதற்காகக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாக் கேள்வியும் வரும். நான் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது மரத்துவிடும். வாயைத் திறக்கச் சொல்லிவிடுவேன். அப்புறம் நான் பேசுவதுதான், அவர் "ஆ" என்பதுதான். அதனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க டாக்டர், எத்தனை வருஷம் வரும்?

தோராயமாகச் சொல்கிறேன். நீங்கள் சிமெண்ட் என்பது சொத்தைக் குழியை மூடும் அடைப்பு, கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை. பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் அடைப்பு கடைவாய்ப் பல்லில் 7 முதல் 10 வருடம் தாங்கும். வெள்ளி அடைப்பு என்று சொல்லும் அமால்கம் 10 முதல் 15 வருடம், பல பேருக்கு அதற்கு மேலும். வெள்ளையாகக் கலந்து வைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட், மெல்லும் பக்கத்தில் வைத்தால் 3 முதல் 5 வருடம். கேப் 10 முதல் 15 வருடம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20 வருடமும் போகும்.

இந்தக் கணக்கை நம்பி காலண்டரில் வட்டம் போட்டுவிடாதீர்கள். ஒரே வாயில், ஒரே நாளில் வைத்த இரண்டு அடைப்பில் ஒன்று இரண்டு வருடத்தில் போவதையும் இன்னொன்று இருபது வருடம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

அப்ப எது கெட்டுப் போகுது? சிமெண்ட் தேய்ஞ்சு போகுதா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில சமயம் தேயும், சில சமயம் உடையும். ஆனால் பெரும்பாலும் முதலில் விடுவது ஓரம். ஓட்டு வீடு ஒழுகுவது ஓட்டில் ஓட்டை விழுந்தா? ஓடும் ஓடும் சேரும் இடத்தில்தானே. பல்லும் அதே கதைதான். அடைப்பும் பல்லும் சேருகிற கோட்டில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், கிருமியும் மாவும் சர்க்கரையும் அதில் குடியேறி, அடைப்புக்கு அடியில் புதிதாகச் சொத்தை கிளம்பும். மேலே பார்த்தால் அடைப்பு பளபளவென்று இருக்கும். கீழே பல் கரைந்துகொண்டிருக்கும்.

கேப்புக்கும் இதேதான். கேப் சொத்தையாகாது, கேப்புக்குள் இருக்கும் உங்கள் பல் சொத்தையாகும். கேப் முடிகிற ஓரம் ஈறை ஒட்டி இருக்கிறது. அங்கே பிரஷ் படாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்துப் போட்ட கேப்பாக இருந்தாலும் ஒரு நாள் பல்லோடு சேர்ந்து ஆடும்.

இனி வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஓரத்தைப் பற்றியதுதான்.

எனக்கு வெச்ச சிமெண்ட் ஒரு வருஷம்கூட வரலை. டாக்டர் சரியா வைக்கலையா?

இருக்கலாம். எங்கள் தொழிலில் இதை ஒத்துக்கொள்ள நிறையப் பேருக்கு மனசு வராது. நான் செய்ததையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. மேல் கடைவாயின் கடைசிப் பல், காம்போசிட் வைக்கிறேன். ராத்திரி எட்டரை மணி, வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். கன்னத்துப் பக்கம் வைத்த பஞ்சு எச்சிலில் ஊறிவிட்டது. மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. எட்டாவது மாதம் அவர் திரும்பி வந்தார். பல்லைச் சோதிக்கும் கருவியின் ஊசி முனையை ஓரத்தில் வைத்துத் தள்ளினேன், முழு அடைப்பும் கடலைப் பருப்பு மாதிரி கழன்று கைக்கு வந்தது. அடியில் பழுப்பு நிறச் சொத்தை. பணம் வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன் என்பது தனிக் கதை.

காம்போசிட் பல்லோடு ஒட்டித்தான் நிற்கிறது. முதலில் பாஸ்பாரிக் அமிலத்தை வைத்துப் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும், கழுவ வேண்டும், பசை தடவ வேண்டும், அப்புறம் 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒவ்வொரு அடுக்காக வைத்து நீல விளக்கு அடிக்க வேண்டும். இதன் நடுவில் எச்சிலோ ரத்தமோ ஒரு சொட்டு பட்டாலும் பிடிப்பு போய்விடும். இறுகும்போது அந்தப் பொருள் கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாக ஒரே தடவையில் திணித்தால் சுருங்கும்போது ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இழுக்கும். அடுக்கடுக்காக வைப்பது அதற்காகத்தான்.

எச்சில் படாமலிருக்க நல்ல வழி ரப்பர் டாம். பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மூடும் ரப்பர் விரிப்பு. 1864இல் நியூயார்க்கில் ஒரு பல் மருத்துவர் கண்டுபிடித்தது. இன்னும் எல்லா இடத்திலும் புழக்கத்துக்கு வரவில்லை. உங்கள் டாக்டர் அதை மாட்டினால் மூச்சு முட்டுகிறது என்று கையை ஆட்டாதீர்கள். மூக்கால் மூச்சு விடுங்கள், பழகிவிடும். உங்கள் அடைப்பு நிலைக்கத்தான் அவர் அதை மாட்டுகிறார்.

கடைசியில் நீல நிறக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வோம். "உயரமா இருக்கா?" என்று கேட்டால், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் "இல்லைங்க, சரியா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு முடி உயரம் கூடினாலும் கடிக்கும் பாரம் முழுக்க அந்த ஒரு பல்லில் இறங்கும். மரத்திருக்கும்போது சரியாகத் தெரியாது. மறுநாள் இடித்தால் வந்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

பழைய காலத்து வெள்ளி அடைப்பே நல்லா இருந்துச்சே, இப்ப ஏன் வைக்கிறதில்லை?

நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும், கடைவாயில் வைத்தால் மாடு மாதிரி உழைக்கும். ஆனால் அதில் பாதி எடைக்குப் பாதரசம். மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கொலுசு வேலை செய்யும் ஒருவர் என்னிடம், "என் பல்லுல இருக்கிற வெள்ளி எந்த டச்சுங்க?" என்று கேட்டார். வெள்ளியின் சுத்தத்தைத்தான் டச்சு என்பார்கள். பட்டறையில் ஒத்துக்கொள்ளும் டச்சு இல்லை என்று சொன்னேன்.

பாதரசக் கழிவு மண்ணிலும் நீரிலும் சேரக் கூடாது என்று 2013இல் மினமாட்டா ஒப்பந்தம் வந்தது, இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத நேரம் தவிர, அமால்கம் வைப்பதை நிறுத்திவிட்டது. அதற்காக உங்கள் வாயில் ஒழுங்காக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். தோண்டும்போதுதான் ஆவி அதிகம் வரும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

எங்க ஊர்ல போர் தண்ணி. பல்லெல்லாம் மஞ்சளா, பழுப்பா கோடு கோடா இருக்கு. அதுல சிமெண்ட் நிக்குமா?

இது நம் பக்கத்துக்கே உரிய கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி அளவுக்கு இல்லாவிட்டாலும் சேலம் மாவட்டத்திலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அதற்கு மேல் குடித்து வளர்ந்தால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. வெளுப்பாகத் திட்டு விழும், அப்புறம் பழுப்பேறும், முற்றினால் பல்லில் குழி விழும்.

இந்தப் பல்லில் ஒரு வினோதம் உண்டு. மேல் தோல் அமிலத்துக்கு எளிதில் மசியாது, அதற்குக் கீழே இருப்பது பொலபொலவென்று இருக்கும். நான் சொன்ன அமிலத்தை வழக்கமான நேரம் வைத்தால் போதுமான சொரசொரப்பு கிடைக்காது. அதனால் மேல் தோலை லேசாகச் சீவிவிட்டு, அமிலத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைப்போம். இதைக் கவனிக்காமல் வைத்தால் ஓரம் சீக்கிரம் விட்டுவிடும். எந்த ஊரில் பிறந்து வளர்ந்தீர்கள் என்று நான் கேட்பது சொந்தம் விசாரிக்க இல்லை, இதற்காகத்தான்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "எனக்கு ஏற்கெனவே ஃப்ளோரைடு அதிகம், ஃப்ளோரைடு பேஸ்ட் வேண்டாம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வளர்ந்த பல்லில் இனிக் கறை வராது. அடைப்பின் ஓரத்தைச் சொத்தையிலிருந்து காப்பது அந்தப் பேஸ்ட்தான். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அரிசி அளவு வைத்து, விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. வற்ற வற்ற இன்னும் கூடும். மேட்டூர் காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைப் புழங்க மட்டும் விடலாம்.

ரூட் கேனால் பண்ணியாச்சு, வலியும் போயிடுச்சு. கேப் போட்டே ஆகணுமா?

முன் பல்லாக இருந்து, பல் பெரும்பாலும் முழுசாக இருந்தால் போடாமலும் விடலாம். கடைவாய்ப் பல் என்றால் போடுங்கள். வலி போனதும் வராமல் இருந்து, ஒரு வருடம் கழித்துப் பல்லை இரண்டாகப் பிளந்துகொண்டு வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. பெரிய சொத்தை, அதை எடுத்த குழி, வேருக்குப் போக மேலே போட்ட துளை, எல்லாம் சேர்ந்து அந்தப் பல் வெறும் சுவர் மட்டும் நிற்கிற வீடு. கேப் அந்தச் சுவர்களைச் சுற்றிப் போட்ட பீப்பாய் வளையம். பிளவு வேர் வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கேப் நிலைக்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது சொந்தப் பல் மிச்சம் இருக்க வேண்டும். அது இல்லாமல் சிமெண்டால் கட்டை கட்டி அதன்மேல் கேப் போட்டால் அடிக்கடி கழன்று வரும். "இந்தப் பல் தாங்காது" என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையைச் சொல்கிறார்.

ஜிர்கோனியா கேப்புக்கு 15 வருஷம் வாரண்டி கார்டு தர்றாங்க. அப்ப 15 வருஷம் கவலையில்லைதானே?

கார்டைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படியுங்கள். வாரண்டி கேப்புக்கு, கேப் உடைந்தால் வேறு தருவார்கள். உள்ளே இருக்கும் பல் சொத்தையானாலோ, ஈறு இறங்கி ஓரம் வெளியே தெரிந்தாலோ அந்தக் கார்டு உதவாது. ஜிர்கோனியா என்பது கெட்டியான வெள்ளைப் பீங்கான் வகை, அந்தக் கேப் உடைவது அபூர்வம். பல்தான் போகும், கேப் முழுசாகக் கையில் இருக்கும்.

சரி, எதைப் போடலாம்? முழு உலோகக் கேப் அழகில்லை, ஆனால் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பல்லில் இன்றைக்கும் நல்லது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்பில் பீங்கான் சில்லு பெயரும். ஜிர்கோனியா உறுதியானது. ஆனால் உயரம் சரி பார்க்க வாயில் வைத்துத் தேய்த்துவிட்டு மெருகேற்றாமல் விட்டால் எதிர்ப் பல்லை அரம் மாதிரி தேய்க்கும். தேய்த்த பிறகு மெருகு போட்டார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

எந்தப் பொருள் என்பதைவிட ஓரம் எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பல்லுக்கும் கேப் ஓரத்துக்கும் இடைவெளி 100 மைக்ரானைச் சுற்றி, ஒரு தலைமுடித் தடிமனுக்குள் இருக்க வேண்டும். உலோகக் கேப்பை மெழுகில் செய்து, அச்சில் புதைத்து, மெழுகை எரித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும். அதை ஈடுகட்ட அச்சு சூட்டில் அதே அளவு விரிய வேண்டும். அந்த அச்சு மாவில் இருப்பது சிலிக்காவும் மக்னீசியாவும். நம்மூர் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைச் சுட்டால் வருகிறதே, அதே மக்னீசியாதான். ஜிர்கோனியாவோ சூளையில் ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். அதனால் கணினி மூலம் முதலில் பெரிதாகக் கடைந்துவிட்டு, பிறகு சுடுவார்கள். இந்தக் கணக்கில் கேப் செய்யும் லேப் கொஞ்சம் சறுக்கினாலும் கேப் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒட்டுவதற்கு முன் ஊசி முனையால் சுற்றிலும் தடவிப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பும் டாக்டர்தான் நல்ல டாக்டர். அதற்காக உங்களை இன்னொரு தடவை வரச் சொன்னால் வந்துவிடுங்கள்.

தட்டுவடை செட் சாப்பிடலாமா?

இந்தக் கேள்விக்கு "கூடாது" என்று சொல்லிவிட்டுச் சேலத்தில் தொழில் நடத்த முடியாது. சாப்பிடலாம். அடைப்பு வைத்த பல்லால் முழுத் தட்டுவடையை நடுவில் வைத்து நறுக்கென்று கடிக்காதீர்கள். உடைத்து, காரட் பீட்ரூட்டோடு சேர்த்து, இரண்டு பக்கமும் மெல்லுங்கள். தட்டுவடையைவிட எனக்குப் பயம் அதில் ஒளிந்திருக்கும் முழுக் கடலைப் பருப்பு. பொரிகடலை, எலும்பு, ஐஸ் கட்டி, பாக்கு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பாக்கு மெல்லுபவர்களுக்கு பல்லும் தேயும், அடைப்பும் பெயரும். அது வாய்ப் புற்றுநோய்க்கும் வழி.

ஒட்டுகிற பண்டம் வேறு மாதிரி. கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய் எல்லாம் தற்காலிகக் கேப்பை அப்படியே இழுத்துக்கொண்டு வரும். கிழங்கு சிப்ஸும் ஜவ்வரிசி வடாமும் மொறுமொறுப்பாகத்தான் தெரியும். மென்ற பிறகு பசை மாவாகி, ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்காது. சாப்பிட்டதும் நாலு வாய் தண்ணீர் கொப்பளியுங்கள்.

நான் இனிப்பே சாப்பிடறதில்லை, டீ மட்டும்தான்.

எத்தனை டீ? பட்டறையில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி வரை ஏழெட்டு டீ குடிப்பவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை சர்க்கரை உள்ளே போனதும் வாயில் அமிலம் ஏறும். அமிலத்தைக் காட்டும் பிஹெச் அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும், எச்சில் அதைச் சரி செய்ய அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த டீ. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் அடைப்பின் ஓரத்தைத் தின்கிறது. எட்டு டீயில் ஐந்தைச் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. டீக்குப் பிறகு தண்ணீராவது குடியுங்கள் என்றால் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

வாய் வறண்டிருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். சில பிரஷர் மாத்திரை, அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மாத்திரை எல்லாம் எச்சிலைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், என்ன மாத்திரை என்று எங்களிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு வீங்கி இறங்கும். கேப் ஓரத்துக்குக் கீழே வேர் வெளியே தெரியும். வேரின் மேல் எனாமல் கிடையாது, சொத்தை வேகமாகப் பிடிக்கும்.

ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறேனாம், வீட்டுல சொல்றாங்க.

வீட்டில் சொல்வதை நம்புங்கள். காலையில் தாடை வலித்தால், பல் நுனியெல்லாம் தட்டையாகியிருந்தால் அது உண்மைதான். மெல்லும்போது விழும் பாரத்தைவிடத் தூக்கத்தில் விழும் பாரம் பல மடங்கு. எந்த அடைப்பும் அதற்கு ஈடுகொடுக்காது. ராத்திரியில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ள நைட் கார்டு என்ற பிளாஸ்டிக் உறை ஒன்று செய்து தருவோம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

என் வேலையிலயே பல்லுக்குக் கேடு இருக்கா?

எங்கள் தெருவில் இருக்கிறது. கொலுசுக்கு வளையம் கோக்கும் ஒரு அம்மா, இரண்டு கையிலும் வேலை இருக்கும்போது மெல்லிய வெள்ளிக் கம்பியை முன் பல்லில் கவ்விக்கொள்வார். வருடக் கணக்காக ஒரே இடத்தில் கவ்வியதில் மேல் முன் பல் நுனியில் கம்பி அளவுக்குச் சின்ன வாய்க்கால் மாதிரி பள்ளம். அதைக் காம்போசிட்டால் சரி செய்தேன். மூன்றாவது மாதம் சில்லு பெயர்ந்து வந்தார். மறுபடி வைத்தேன், மறுபடி பெயர்ந்தது. "பல்லால கவ்வாதீங்க" என்றால், "அப்ப மூணாவது கை குடுங்க டாக்டர்" என்கிறார். கடைசியில் அவருடைய மகன் மேஜை ஓரத்தில் ஒரு சின்னக் கிடுக்கியைத் திருகி வைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு வைத்த அடைப்பு இன்னும் இருக்கிறது. தையல்காரர்கள் நூலைக் கடிப்பது, சோடா மூடியைக் கடித்துத் திறப்பது, எல்லாம் இதே ரகம்.

ஏற்காடு மேல போனா அடைச்ச பல் வலிக்குது. ஏன்?

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள். காற்றழுத்தம் குறையும்போது, உள்ளே ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் பல் வலியைக் காட்டிக்கொடுக்கலாம். மேலே குளிரில் சூடான காப்பியை உறிஞ்சும்போது ஓரம் விட்ட அடைப்பு வழியாகச் சுரீரென்று ஏறுவதும் உண்டு. நல்ல பல் மலை ஏறினால் வலிக்காது. கீழே இறங்கியதும் வலி போய்விட்டது என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

கேப் கழன்று வந்துடுச்சு. என்ன செய்யட்டும்?

கழுவி, சின்ன டப்பாவில் போட்டு, கேப்பையும் பல்லையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் அதையே ஒட்டிவிடலாம். ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார். கேப் அரை வட்டம் திரும்பி ஒட்டியிருந்தது.

வலி இல்லாதப்ப எதுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும்?

ரூட் கேனால் செய்த பல்லுக்கு நரம்பு கிடையாது, சொத்தையானாலும் வலிக்காது. உலோகக் கேப்புக்கு உள்ளே எக்ஸ்ரேயும் ஊடுருவாது, ஓரத்தில் மட்டும்தான் பார்க்க முடியும். அதனால் வலியை நம்பிக் காத்திருக்க முடியாது. சொத்தையே வராத வாய் என்றால் வருடம் ஒரு தடவை போதும். வறண்ட வாய், சர்க்கரை நோய், நாலைந்து கேப் என்றிருந்தால் ஆறு மாதம். செலவு கஷ்டம் என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது சாம்பலும் செங்கல் தூளும் இல்லாமல், மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளை. துப்பிவிட்டு உடனே வாயைக் கொப்பளிக்காதீர்கள், பேஸ்ட் கொஞ்சம் தங்கட்டும். கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே நுழையும் குட்டி பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. கேப் போட்டவர்களுக்கு அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

ஓரம் கறுத்திருக்கு, முழுசா மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தணுமா?

கறுப்பெல்லாம் சொத்தை இல்லை. டீக் கறையாகவும் இருக்கலாம், பழைய வெள்ளியின் சாயமாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள், ஊசி முனை உள்ளே இறங்குகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும்: சின்ன அடைப்பு, பெரிய அடைப்பு, ரூட் கேனால், கேப், கடைசியில் பிடுங்கல். ஒரு மூலை மட்டும் பெயர்ந்திருந்தால் அந்த மூலையை மட்டும் சரி செய்யலாம்.

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி வருவார். கீழ்க் கடைவாயில் ஒரு வெள்ளி அடைப்பு. மூத்த மகன் வயிற்றில் இருந்தபோது வைத்ததாம். மகனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் நெளிந்து, பார்க்கச் சகிக்காது. ஊசியை வைத்துச் சுற்றிலும் தடவினேன், ஓரிடத்திலும் இறங்கவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். "மாத்தணுமா சாமி?" என்று கேட்டார். வேண்டாம் பாட்டி, பக்கத்துப் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு போங்கள் என்றேன்.